கற்படுக்கை முதல் சாய்தளம் வரை: தென்காசிச் சீமையின் கட்டடங்களும் உடல்நலமும்

'பள்ளி' என்னும் சொல்லுக்குத் தமிழில் உள்ள பொருள்களை வரிசைப்படுத்திப் பார்த்தாலே ஒரு வரலாறு புலப்படும். படுத்தல், உறக்கம், படுக்கை என்பன அதன் பழம்பொருள்கள். பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் ஆகிய வழக்குகளில் அப்பொருள் இன்றும் நிலைத்து நிற்கிறது. துறவியர் படுத்துறங்கிய இடம் பள்ளி எனப்பட்டது. அங்கே அவர்கள் நூல் ஓதுவித்தமையால் கல்வி பயிலும் இடத்துக்கும் அதுவே பெயராயிற்று. இன்று நம் பேரப்பிள்ளைகள் புத்தகப்பையைச் சுமந்து செல்லும் பள்ளிக்கூடத்தின் பெயருக்குள் பழைய துறவி ஒருவரின் கற்படுக்கை மறைந்திருக்கிறது. பல்லாண்டுகள் தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் மாணாக்கரிடம் இதனைச் சொல்லும்போதெல்லாம், "ஐயா, அப்படியானால் வகுப்பில் தூங்கலாமா?" என்று ஒருவனாவது கேட்காமல் விட்டதில்லை.

கட்டடக்கலை வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பவரின் கண்கொண்டே எழுதுகின்றனர். கோபுரம் எத்தனை நிலை, விமானம் எத்தனை அடி, தூண்களில் என்ன சிற்பம் என்பன அவர்களுடைய வினாக்கள். படுத்திருப்பவர், நோயுற்றவர், மழைக்கு ஒதுங்கியவர், முதுமையால் படியேற இயலாதவர் ஆகியோருக்கு ஒரு கட்டடம் என்ன செய்கிறது என்னும் வினாவைக் கொண்டும் அவ்வரலாற்றை எழுதலாம். அவ்வாறு எழுதுவதற்குத் தென்காசிச் சீமையைப் போல ஏற்ற நிலப்பகுதி தமிழகத்தில் அரிது. 2019 நவம்பரில் தனி மாவட்டமாகிய இச்சிறு நிலப்பரப்பிலும் அதனை ஒட்டிய ஊர்களிலும், இரண்டாயிரம் ஆண்டுப் பழமையுடைய துறவியர் உறைவிடங்களும், கம்பெனி ஆட்சியார் நலம் தேடி வந்த அருவிக்கரையும், நம் காலத்தில் எழுந்த மறுவாழ்வு நிலையமும் அருகருகே உள்ளன.

கல்லில் வெட்டிய படுக்கை

தென்காசிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட பகுதியில் வீரசிகாமணி என்றோர் ஊர் உண்டு. அவ்வூர்ப் பாறைக்குன்றில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயிலைக் காணச் செல்வோர் பலர். அக்குன்றிலேயே உள்ள இயற்கைக் குகைத்தளத்தையும் அதிலுள்ள கற்படுக்கைகளையும் பார்த்து வருவோர் சிலரே. நாட்டு மக்கள் இத்தகைய படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று வழங்குவர். வனவாசம் வந்த ஐவரைத் தவிர வேறு யார் மலையில் போய்ப் படுப்பார்கள் என்பது அவர்களின் எண்ணம் போலும். பெயர் மாறினும் படுக்கை மாறவில்லை.

இவ்வகைப் படுக்கைகளை யார் செய்வித்தனர் என்பதற்குத் திருநெல்வேலிப் பகுதியிலேயே சான்று உண்டு. பாளையங்கோட்டைக்கு அண்மையில் உள்ள மறுகால்தலையில், 1906ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, வெண்காசிபன் என்பவன் கொடுப்பித்த கற்படுக்கையைக் குறிக்கிறது என்பது அறிஞர் கொள்ளும் பொருள். அரசனோ அமைச்சனோ என்று சொல்லாமல் பெயர் மட்டும் சொல்லி நிற்கும் ஒருவன், தான் படுக்கப் போகாத படுக்கை ஒன்றைப் பிறருக்காகக் கல்லில் வெட்டச் செய்தான். தமிழ் எழுத்தின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, கட்டில் நன்கொடைக்கான பற்றுச்சீட்டாக அமைந்திருப்பதை எண்ணி நான் வியப்பதுண்டு.

இப்படுக்கைகளின் அமைப்பைச் சற்று நுணுகிப் பார்ப்போம். கரடுமுரடான பாறைத்தளத்தை ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் அளவுக்குச் செதுக்கிச் சமன் செய்து, வழவழப்பாக்கி, தலைப்பக்கம் சற்றே உயர்த்தித் தலையணை போல விட்டிருப்பார்கள். குகையின் முகப்பில், மேலே துருத்தி நிற்கும் பாறையின் நெற்றியில், நீளவாட்டில் ஒரு விளிம்பு வெட்டப்பட்டிருக்கும். தமிழகத்துச் சமணக் குகைகள் பலவற்றிலும் காணப்படும் இதனை ஆய்வாளர் 'புருவம்' என்றும் 'நீர்வடி விளிம்பு' என்றும் குறிப்பிடுகின்றனர். பாறையின் மீது வழியும் மழைநீர் கல்லை ஒட்டியே உள்நோக்கி ஊர்ந்து வரும் இயல்புடையது. அந்த விளிம்பை அடைந்ததும் கல்லின் பிடிப்பு அறுந்து, நீர் வெளியிலேயே சொட்டிவிடும். இன்றும் நம் வீட்டுச் சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடின் அடிப்பக்கத்தில் கொத்தனார் ஒரு சிறு கோடு போலப் பள்ளம் விடுவார். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உளியால் செய்த வேலையைத்தான் அவர் கரண்டியால் செய்கிறார்.

இவ்வளவு கவனம் ஏன் வேண்டியிருந்தது? துறவியரின் ஒழுக்கத்தை அறிந்த நம் குடும்பத்தாருக்கு விடை எளிது. நிர்க்கிரந்த முனிவருக்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் தரையில் படுத்தல் ஒன்று. அவர் போர்த்திக்கொள்ள ஆடை இல்லை. தீ மூட்டிக் குளிர் காய்தல் இல்லை. விசிறி கொண்டு வீசுதலும் இல்லை, காற்றையும் உடலாகக் கொண்ட நுண்ணுயிர்கள் உண்டென்பது கொள்கையாதலின். வெயிலுக்கும் குளிருக்கும் மழைக்கும் எதிராக மற்றவர்கள் கையாளும் கருவிகள் அனைத்தையும் துறந்த ஒருவருக்கு, எஞ்சியிருக்கும் ஒரே காப்பு அவர் இருக்கும் இடம்தான். எனவே அந்த இடமே கூடியவரை எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். கனத்த பாறை பகல் வெப்பத்தை உள்ளே விரைவில் விடாது, இரவில் குளிரையும் அவ்வாறே. முகப்பு திறந்திருப்பதால் காற்று தேங்காது. தளம் சமன் செய்யப்பட்டிருப்பதால் ஊர்வன தங்கும் இடுக்குகள் குறைவு. அவற்றுக்குத் துன்பம் இல்லை, அவற்றால் துன்பமும் இல்லை.

மழைக்காலத்தில் இதன் அருமை இன்னும் கூடும். ஆடித் திங்கள் தொடங்கி நான்கு திங்கள் முனிவர்கள் ஓரிடத்திலேயே தங்குவர். சாதுர்மாசியம் அல்லது வர்ஷாயோகம் எனப்படும் இக்காலத்தில், மழையில் பெருகும் சிற்றுயிர்களை மிதிக்காதிருக்கும் பொருட்டுப் பயணம் விலக்கப்படும். தென்காசிச் சீமைக்கோ மழைக்காலம் இரண்டு. ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து ஆனி, ஆடியில் சாரலைத் தூவும். ஐப்பசி, கார்த்திகையில் கீழ்க்காற்றின் அடைமழை வரும். இத்தகைய நாட்டில் பல திங்கள் ஓரிடத்தில் ஆடையின்றித் தங்குபவருக்கு, நெற்றியில் வெட்டிய ஒரு விரற்கடை விளிம்பு உயிர்காக்கும் மருந்துக்கு ஒப்பாகும்.

மருந்து என்றதும் நினைவுக்கு வருவது நம் முன்னோர் வகுத்த நான்கு தானங்கள்: ஆகாரம், ஔஷதம், சாத்திரம், அபயம். பள்ளி என்பது இந்நான்கும் ஓரிடத்தில் நிகழ்வதற்கான கட்டடம் என்று கொண்டால் அதன் அமைப்பு விளங்கும். வீரசிகாமணிக்குக் கிழக்கே, சங்கரன்கோவிலைக் கடந்து கோவில்பட்டி செல்லும் வழியில் உள்ள கழுகுமலை இதற்குச் சான்று. எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அருகர் திருவுருவங்கள் பாறை முழுதும் வரிசை வரிசையாக அமர்ந்திருக்க, அவற்றின் கீழே ஏறத்தாழ நூறு வட்டெழுத்துக் கல்வெட்டுகள் பொறிக்கப்பட்டுள்ளன. திருச்சாரணத்திலிருந்தும் திருக்கோட்டாற்றிலிருந்தும், நம்மவர்க்கு மிகவும் அறிமுகமான திருநறுங்கொண்டையிலிருந்தும் வந்தவர்களின் பெயர்கள் அங்கே உள்ளன. ஆசிரியராக விளங்கிய குரத்தியர் பெயர்களும் உள்ளன. பெண்பால் துறவியர் ஆசிரியராக இருந்து மாணாக்கரைப் பெற்றிருந்தனர் என்பதை இன்று பெருமையோடு பேசுகிறோம். நம் ஊர்களில் பெண்பிள்ளைகளின் மேற்படிப்புக்கு எத்தனை தந்தையர் தயங்கினர் என்பதையும் சேர்த்தே பேச வேண்டும். குணசாகர படாரர் உள்ளிட்ட பத்து வைராக்கியர்க்கு உணவளித்துச் சித்தாந்தம் உரைக்கச் செய்வதற்கான அறக்கட்டளையும் கழுகுமலையில் உண்டு. உணவும் கல்வியும் உறைவிடமும் ஒரே மலையில் ஒரே ஏற்பாட்டில் இருந்தன.

ஔஷத தானத்தின் மணம் நம் இலக்கியத்திலும் வீசுகிறது. காரியாசான் தம் நீதிநூலுக்குச் சிறுபஞ்சமூலம் என்று ஐந்து வேர்களின் பெயரையும், கணிமேதாவியார் தம் நூலுக்கு ஏலாதி என்று ஏலம் முதலான ஆறு சரக்குகளின் பெயரையும் இட்டனர். உடலுக்கு மருந்து போல உயிருக்கு அறம் என்னும் ஒப்புமை அவர்களுக்கு இயல்பாக வந்தது. மருந்து இடிக்கும் உரலின் ஒலியைக் கேட்டுக்கொண்டே எழுதியவர்களாக அவர்கள் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

நீராடா முனிவரும் நீராட வந்தோரும்

முனிவரின் மூலகுணங்களுள் நீராடாமையும் ஒன்று. அத்தகைய முனிவர்கள் உறைந்த நாட்டுக்கு மிக அருகிலேயே, உலகத்தார் நீராடுவதற்கென்றே வந்து குவியும் குற்றாலம் இருப்பது இயற்கையின் வேடிக்கை. குற்றாலத்தின் முதற் கட்டடக் கலைஞர் அருவிதான். பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. அத்தனை வேகத்தோடு நேராக விழுமானால் அதன்கீழ் மனிதர் நிற்க முடியாது. இடையில் பொங்குமாகடல் எனப்படும் ஆழ்ந்த பாறைக்கிடங்கில் விழுந்து, வேகம் தணிந்து, பின்னர் வழிவதனால்தான் குழந்தைகளும் முதியோரும் அதில் குளிக்கின்றனர்.

குற்றாலநாதர் கோயில் சங்கு வடிவில் அமைந்தது என்பர். ஐந்து சபைகளுள் ஒன்றாகிய சித்திரசபை, அருவியின் இரைச்சலிலிருந்து விலகித் தனியே, தெப்பக்குளத்தின் பக்கம் நிற்கிறது. நடராசர் அங்கே ஓவியமாகவே வழிபடப்படுகிறார். சாரல் நாட்டில் சுவரோவியத்தைக் காப்பது எளிதன்று. சரிந்து இறங்கும் கூரையே அதற்குக் குடை. செங்கோட்டையிலிருந்து தென்காசி வரை பழைய வீடுகளின் ஓட்டுக்கூரைகள் சேரநாட்டு வீடுகளைப் போலச் சரிந்து இறங்குவதற்கும் இதே மழைதான் காரணம். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்ததனால் வந்த பழக்கமும் இருக்கலாம். ஆயினும் மழைக்கு அரசியல் எல்லை தெரியாது. குற்றாலத்திலுள்ள பழைய திருவிதாங்கூர் அரண்மனை இன்றும் கேரள அரசின் உடைமையாகவே உள்ளது.

கிழக்கிந்தியக் கம்பெனியார் 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி இங்கே சாதிக்காய், கிராம்பு, இலவங்கத் தோட்டங்களை அமைத்தனர். ஏலாதியின் ஆசிரியர் மருந்தாகப் பெயர் சொன்ன சரக்கு, கம்பெனியாருக்கு வணிகப் பொருளாயிற்று. சல்லிவன் 1819இல் நீலகிரிக்கு ஏறி உதகையை ஆங்கிலேயர்க்கு உரிய ஊராக்கத் தொடங்குவதற்கு முன்பே குற்றாலம் அவர்களுக்கு நன்கு அறிமுகமாகியிருந்தது. சாரல் காலத்தில் திருநெல்வேலிச் சீமையின் அதிகாரிகளும் பாளையங்கோட்டைப் பாதிரிமாரும் குடும்பத்தோடு இங்கு வந்து தங்கினர். 1904இல் கொல்லத்துக்கும் திருநெல்வேலிக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கிய பின்னர் மற்றையோர் வருகையும் பெருகிற்று.

அவர்கள் கட்டிய பங்களாக்களின் அமைப்பில் அக்கால மருத்துவக் கொள்கை அடங்கியிருக்கிறது. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பது 1897இல் ரொனால்டு ராஸ் காட்டும் வரை உறுதிப்படவில்லை. சதுப்பிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் எழும் கெட்ட காற்றே காய்ச்சலுக்குக் காரணம் என்று ஐரோப்பிய மருத்துவர் பலர் நம்பினர். ஆகவே மேட்டுநிலம் தேடினர். தரைத்தளத்தை உயர்த்தினர். வீட்டைச் சுற்றி அகன்ற தாழ்வாரம் இட்டனர். உயர்ந்த கூரையும் எதிரெதிர்ச் சன்னல்களும் வைத்தனர். காரணம் பிழையாயினும் கட்டடம் பிழையாகவில்லை. உயர்ந்த, உலர்ந்த, காற்றோட்டமான வீட்டில் கொசுவும் குறைந்தது, இருமலும் குறைந்தது. ஒன்றை மட்டும் மறத்தலாகாது. இந்த நலம் மேட்டில் தங்க வசதி உள்ளவர்க்கே கிட்டியது. அந்தப் பங்களாக்களுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் தாழ்ந்த நிலத்தில்தான் குடியிருந்தனர். அவர்களுக்காகத் தாழ்வாரம் வரைந்தவர் எவருமிலர்.

குற்றால நீரில் மூலிகைச் சத்து இருப்பதனால்தான் உடல்நலம் பெருகுகிறது என்று பலரும் சொல்வர். எனக்குத் தெரிந்தவரை, பத்து நாள் அலுவலகக் கவலையின்றி, வேளைக்கு உண்டு, காலை மாலை நடந்து, குளிர்ந்த நீரில் நின்று, திறந்த தாழ்வாரத்தில் உறங்கினால் மூலிகை இல்லாமலேயே பாதி நோய் அகலும்.

வட்டத்தொட்டி

கட்டடம் பண்பாட்டுக்குப் பெயர் கொடுத்த மற்றொரு நிகழ்ச்சியையும் இங்கே சொல்ல வேண்டும். ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியாரின் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை இல்லத்தில் வட்டமாக அமைந்த முற்றம் ஒன்று இருந்தது. வானத்தை நோக்கித் திறந்த முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம் அமைந்த வீட்டைத் தொட்டிக்கட்டு வீடு என்பர். அங்கே அவர் நண்பர்களைக் கூட்டிக் கம்பனையும் பிற கவிகளையும் சுவைத்த அவைக்கு, அந்த முற்றமே வட்டத்தொட்டி என்று பெயர் தந்துவிட்டது. வட்டத்தில் முதலிடம், கடையிடம் என்பது கிடையாது. யாவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். ஓசை சுற்றிவந்து எல்லோருக்கும் கேட்கும். மாலைக் காற்று மேலிருந்து இறங்கும். நீள்சதுர மண்டபத்தில் மேடையிட்டு, மாலை போட்டு, ஒலிபெருக்கி வைத்து நடத்தும் இன்றைய இலக்கியக் கூட்டங்களில் ஏன் அந்தச் சுவை வருவதில்லை என்பதற்குரிய விடையில் பாதி கட்டடத்தில் இருக்கிறது. ரசிகமணி பின்னாளில் குற்றாலத்தில் குடியமர்ந்தார். 1954இல் மறையும் வரை எழுத்தாளரும் தலைவர்களும் அவரைத் தேடிச் சாரலுக்கு வந்தனர்.

காற்று மருந்தாக இருந்த காலம்

திறந்த தாழ்வாரத்தில் காற்று வாங்குவதை நலம் தேடுவோரின் பொழுதுபோக்காகக் கண்டோம். அதையே நோய்க்குரிய சிகிச்சையாகக் கொண்ட காலமும் ஒன்று உண்டு. அதன் தமிழகக் கதை தென்காசியிலிருந்து நெடுந்தொலைவில், சென்னையில் நிகழ்ந்தது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859இல் மருத்துவமனைகளைப் பற்றி எழுதிய நூலில், மருத்துவமனை முதற்கண் நோயாளிக்குத் தீங்கு செய்யாதிருக்க வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். அகிம்சையைக் கட்டடத்துக்கும் உரியதாக்கிய கருத்து என்று நான் அதனைக் கொள்வேன். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் தூய காற்று, ஓய்வு, நல்லுணவு ஆகிய மூன்றுமே மருந்து. அம்மூன்றையும் கட்டடமாக ஆக்கியதே சானடோரியம். டாக்டர் சௌரி முத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அத்தகைய நிலையம் ஒன்றை நடத்தினார். கணிதமேதை இராமானுசன் 1917இல் சில நாள் அங்கே நோயாளியாக இருந்தார். சன்னல்களைத் திறந்துவைத்துச் செய்யும் சிகிச்சை, கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த அவருக்கு இங்கிலாந்துக் குளிரில் பெருந்துன்பமாகவே இருந்திருக்கும். அதே டாக்டர் சௌரி முத்து 1928இல் சென்னைக்கு அருகே தாம்பரத்தில் சானடோரியம் ஒன்றை நிறுவினார். 1937இல் அதனை அரசு ஏற்றது. 'தாம்பரம் சானடோரியம்' என்று மின்ரயில் நிலையப் பெயராக இன்றும் நாம் அதனை உச்சரிக்கிறோம். அச்சொல் ஒரு கட்டட வகையைக் குறிப்பது என்பதை அறிந்து இறங்குவோர் சிலரே.

பின்லாந்து நாட்டின் பைமியோ என்னும் ஊரில் 1933இல் திறக்கப்பட்ட சானடோரியத்தை அமைத்தவர் ஆல்வர் ஆல்டோ. நோயாளி நாள் முழுதும் படுத்துக்கொண்டே இருப்பவர் ஆதலால், அவர் பார்ப்பது சுவரையன்று, மேற்கூரையை என்று அவர் கருதினார். ஆகவே கூரைக்குக் கண்ணை உறுத்தாத வண்ணம் இட்டார். விளக்கைக் கண்ணில் படாதவாறு அமைத்தார். அடுத்த கட்டிலில் இருப்பவர் உறக்கம் கலையாதிருக்க, நீர் விழும் ஓசை எழாத கைகழுவு தொட்டியை வடிவமைத்தார். உலகக் கட்டடக்கலை நூல்கள் இதனைப் புதுமை என்று போற்றுகின்றன. போற்றட்டும். படுத்திருப்பவரின் தலை சற்று உயர்ந்திருக்க வேண்டும், அவர்மேல் நீர் சொட்டலாகாது என்று எண்ணிப் பாறையைச் செதுக்கியவனும் அதே வழியில்தான் சிந்தித்தான்.

சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்ததில் நம் சென்னைக்குப் பெரும்பங்கு உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தில், 193 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்திலும் மற்றொரு பிரிவினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்துப் பார்த்தனர். வீட்டுப் பிரிவினருள் பலர் நெருக்கடியான குடியிருப்புகளில் வாழ்ந்த ஏழைகள். அவர்களுக்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. ஆயினும் 1959இல் வெளியான முடிவில், இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒத்த அளவிலேயே குணமடைந்தது தெரியவந்தது. வீட்டிலிருந்து மருந்துண்டவரின் குடும்பத்தாருக்குக் கூடுதலான ஆபத்தும் காணப்படவில்லை. ஏழை நோயாளி வேலையையும் பிள்ளைகளையும் விட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்து கிடக்க வேண்டியதில்லை என்னும் விடுதலையை இந்த ஆய்வு உலகுக்கே தந்தது.

இவ்விடத்தில் நாம் செய்துகொண்ட ஒரு தவறான முடிவைச் சுட்ட வேண்டும். மருந்து இருந்தால் கட்டடம் எப்படி இருந்தாலும் போதும் என்று பொதுப்புத்தி எண்ணத் தொடங்கியது. அந்த ஆய்வு அவ்வாறு சொல்லவில்லை. நோய் வந்தபின் குணமாக்குவது மருந்தின் வேலை. நோயை ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குக் கொண்டு செல்லும் காற்று, அடைத்த அறையில் தேங்கத்தான் செய்யும். 2020இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது சன்னலைத் திறந்துவையுங்கள் என்று மருத்துவர்கள் சொன்னபோது, திறக்கும்படியான சன்னல் எத்தனை வீடுகளில் இருந்தது?

ஆய்க்குடியின் சாய்தளம்

மீண்டும் தென்காசிக்கு வருவோம். ஊருக்குக் கிழக்கே ஆய்க்குடியில் 1981இல் அமர்சேவா சங்கம் தோன்றியது. அதனைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் அவ்வூர்க்காரர். மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படைத் தேர்வுப் பயிற்சியில் விழுந்து, கழுத்துக்குக் கீழ் உடல் செயலிழந்தார். தமக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரால் சங்கத்துக்குப் பெயரிட்டார். கூரைக்கொட்டகையில் சில குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித் தொடங்கிய அந்தப் பணி, மாற்றுத்திறனாளிகளுக்கான பெரும் மறுவாழ்வு நிலையமாக வளர்ந்தது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

படுத்த நிலையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்து உலகைப் பார்த்த ஒருவர் உருவாக்கிய வளாகம் அது. அங்கே படிக்கு மாற்றாகச் சாய்தளம், அகன்ற கதவு, நாற்காலி திரும்புவதற்குரிய இடம் ஆகியவை பின்னர் ஒட்டவைத்த சலுகைகளாக இல்லாமல் கட்டடத்தின் இலக்கணமாகவே உள்ளன. பொதுக்கட்டடங்கள் யாவரும் புகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் கூறுகிறது. சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இச்சிற்றூரில் அது நடைமுறையாக இருந்தது.

இதனை நம் மலரில் இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊர்களில் ஜினாலயத் திருப்பணிகள் இப்போது பெருமளவில் நடைபெறுகின்றன. மகிழ்ச்சி. ஆனால் அண்மையில் வடமாவட்டத்து ஊர் ஒன்றில் நான் கண்டது நெஞ்சை வருத்தியது. பழைய மண்டபத்தின் கருங்கல் தளத்தின்மேல் வழுக்கும் ஓடு பதித்திருந்தனர். சாளரங்களை அடைத்துக் கண்ணாடி பொருத்தியிருந்தனர். முன்னால் அழகுக்காக மூன்று உயர்ந்த படிகள், பிடித்து ஏறக் கைப்பிடி இல்லை. எண்பது வயதுப் பாட்டி ஒருவர் படிக்குக் கீழே நின்றபடியே பகவானை வணங்கிவிட்டுத் திரும்பினார். "உள்ளே வரவில்லையா, பாட்டி?" என்றேன். "கண்ணுக்குத் தெரிகிறாரே, அது போதும் அப்பா" என்றார். அவருடைய தந்தையார் பணம் கொடுத்துக் கட்டிய மண்டபம் அது என்று பின்னர் அறிந்தேன்.

நம் பழைய வீடுகளையும் எண்ணிப் பாருங்கள். பொழுது சாய்ந்தபின் உண்ணாத குடும்பங்களுக்கு, கடைசி வெளிச்சம் வரை பகலொளி விழும் சமையற்கட்டு வேண்டியிருந்தது. முற்றம் அதைத் தந்தது. நீரை வடிகட்டி எடுக்கவும், வடிதுணியில் தங்கிய உயிர்களை எடுத்த கிணற்றிலேயே சேர்க்கவும் கிணற்றடியில் மேடை இருந்தது. முனிவர் ஆகாரத்துக்கு எழுந்தருளினால் நின்று ஏற்பதற்குத் துப்புரவான, ஒளியுள்ள இடம் இருந்தது. விரதம் என்று நாம் சொல்வன பலவும் அந்த வீட்டின் வரைபடத்தில் எழுதப்பட்டிருந்தன. நகரத்து அடுக்குமாடியில் மின்விளக்கின்கீழ் அவற்றைக் கடைப்பிடிக்கும் நம் பிள்ளைகள், உண்மையில் நம்மைவிடக் கடினமான விரதிகள்.

வேற்றுச் சமயத்துக் கோயிலாயினும் தென்காசி காசிவிசுவநாதர் ஆலயத்தைச் சொல்லாமல் இக்கட்டுரையை நிறுத்த மனம் வரவில்லை. பராக்கிரம பாண்டியன் 1446இல் அதனைக் கட்டத் தொடங்கினான். கோபுரப் பணி 1457இல் தொடங்கி அவன் காலத்துக்குப் பின்னரே முடிந்தது. மலைக்கணவாய்க்கு நேரே அமைந்த ஊராகையால், சாரல் காலத்தில் அக்கோபுர வாயிலில் நின்றால் காற்று ஆளையே தள்ளும். தென்காசியார் அதனைத் தம் ஊர்ச் சொத்துகளுள் ஒன்றாகவே எண்ணுவர். வெயிலில் வந்த வண்டிக்காரரும் பூ விற்பவரும் அங்கே சற்று நின்று போவதைக் காணலாம். அதற்குக் கட்டணம் இல்லை, சாதி கேட்பாரும் இல்லை.

அந்த மன்னன் கோயிலில் பொறித்துவைத்த பாடல்களில், தன் புகழைக் காட்டிலும் ஒரு வேண்டுகோள் மிகுதியாக ஒலிக்கிறது. இக்கோயிலுக்குப் பிற்காலத்தில் ஊறு நேருமானால், அதனைத் திருத்திச் செப்பனிடுவோர் எவராயினும், அவர்தம் அடியில் தான் வீழ்ந்து வணங்குவதாக அவன் முன்கூட்டியே சொல்லிவைத்தான். கோபுரம் பின்னர் சிதைந்து, நடுவே பிளந்து, பல தலைமுறைகள் மொட்டையாகவே நின்றது. 1990இல் ஒன்பது நிலைகளோடு அது மீண்டும் எழுப்பப்பட்டுக் குடமுழுக்கு நடைபெற்றது. கணவாய்க் காற்றுக்கு மறுபடியும் வாயில் கிடைத்தது.